மரக்காணம் டாக்டர் கொட்டாய்: அப்பாவுக்காகப் போன ஒரு சனிக்கிழமை

இந்த வலைப்பூவைத் தொடர்ந்து வாசிப்பவர்களுக்கு என் குணம் தெரியும். பஸ் போகிற இடத்துக்கு மட்டும் போவேன், டீ சரியில்லை என்றால் நாலு வரி திட்டுவேன், மத்தியானத்துக்குள் வீடு திரும்பப் பார்ப்பேன். இந்த முறை பிப்ரவரி கடைசிச் சனிக்கிழமை திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போய் வந்தேன். ஊர் பார்க்கப் போகவில்லை. அப்பா ஒரு கேள்வியைக் கொடுத்து அனுப்பினார், அதற்குப் பதில் வாங்கப் போனேன்.

அப்பாவுக்கு எண்பத்து இரண்டு வயது. லைன்மேனாக இருந்தவர். மழையில் கம்பம் ஏறப் பயப்படாதவர், ஆனால் டாக்டர் என்றால் ஆகாது. பொங்கல் கழிந்தும் இருமல் நிற்கவில்லை என்று கெஞ்சிக் கூத்தாடி அரசு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனோம். சளியைப் பரிசோதித்து டிபி என்றார்கள். ஆறு மாதம் தினம் மாத்திரை சாப்பிட்டால் சரியாகிவிடும், நல்ல சாப்பாடு கொடுங்கள், விடாமல் சாப்பிட வையுங்கள் என்றார் டாக்டர்.

அப்பா சமத்தாக விழுங்குகிறார் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தோம். பதினோராம் நாள் தலையணை உறையைத் துவைக்க எடுத்தாள் என் மனைவி. அதிலிருந்து மாத்திரைகள் பொலபொலவென்று கொட்டின. தினம் மூன்று, பத்து நாளைக்கு முப்பது. எண்ணிப் பார்த்தேன், ஒன்றுகூடக் குறையவில்லை. எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. ஐம்பத்தாறு வயதில் அப்பாவைப் பார்த்துக் கத்தினேன்.

அவர் கத்தவில்லை. "எங்கம்மாவ ஒரு டாக்டரு பாத்தான். கட்டிலு காலியாவணும்னு பாதியில வீட்டுக்கு அனுப்பிட்டான். ரெண்டு மாசத்துல செத்தா. அவன் ஏன் அனுப்பினான்னு கேட்டுட்டு வா. அப்புறம் நான் முழுங்கறேன்" என்றார்.

"அந்த டாக்டர் செத்தே அம்பது வருஷம் இருக்கும்பா."

"அப்ப அந்த ஊரக் கேளு."

இது எங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரிந்த கதை. எங்கள் பூர்வீகம் பிரம்மதேசம். அப்பாவின் அம்மா பெயர் பட்டம்மாள். அப்பாவுக்கு இரண்டு வயது இருக்கும்போது அவளுக்கு சயரோகம், அதாவது இதே டிபி, வந்தது. மரக்காணம் உப்பளத்துப் பக்கம் ஒரு வெள்ளைக்கார டாக்டர் தர்மத்துக்கு நடத்திய சானிடோரியத்தில் கொண்டுபோய் விட்டார்கள். அங்கிருந்து திரும்பி வந்து இறந்துபோனாள். நாலு மாதம் கழித்து அப்பாவின் அக்காவும் அதே நோயில் போய்விட்டாள். அந்த டாக்டர் அப்புறம் மாட்டுவண்டி கட்டிக்கொண்டு ஊருக்கே வந்ததாகவும், எங்கள் கொள்ளுத்தாத்தா தெருமுனையில் தடியோடு நின்று விரட்டி அடித்ததாகவும் அப்பா பெருமையாகச் சொல்வார். நானும் சின்ன வயதில் அதைப் பள்ளிக்கூடத்தில் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன்.

பட்டம்மாள் இறந்தபோது அவளுக்கு இருபத்து மூன்று வயது. என் மகளைவிட மூன்று வயது சின்னவள். பாட்டி என்று எழுதக் கை வரவில்லை, பெயரைச் சொல்லியே எழுதுகிறேன்.

திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் காலை 6.10க்கு மரக்காணம் வண்டி. டிக்கெட் முப்பது ரூபாய், தூரம் முப்பத்தைந்து கிலோமீட்டர், எழுபது நிமிஷம் ஆகிறது. ஜன்னல் சீட்டு வேண்டுமானால் கால் மணி நேரம் முன்னால் போய்விடுங்கள். பாதி வழியில் பிரம்மதேசம் வரும். எப்போதும் அங்கே எட்டிப் பார்த்துக் கோயில் கோபுரத்துக்கு ஒரு கும்பிடு போடுவேன். அன்றைக்கு அந்தத் தெருமுனையைத் தேடினேன். எந்தத் தெரு என்று தெரியவில்லை, பஸ்ஸும் நிற்கவில்லை.

7.20க்கு மரக்காணத்தில் இறங்கி ஒரு டீ. பன்னிரண்டு ரூபாய். டீயைப் பற்றி ஒன்றும் சொல்வதற்கில்லை, சூடாக இருந்தது. பக்கத்தில் நின்ற ஆட்டோக்காரரிடம், இங்கே பழைய டிபி ஆஸ்பத்திரி ஒன்று உப்பளத்துப் பக்கம் இருந்ததாமே என்று கேட்டேன். அவர் பெயர் பாஸ்கர், நாற்பது வயதிருக்கும்.

"டாக்டர் கொட்டாயா? அங்க இப்ப உப்பு மூட்டதான் சார் இருக்குது. வேற ஒண்ணும் இல்ல. பாத்து இன்னா செய்யப் போறீங்க?"

விஷயத்தைச் சொன்னேன். வண்டியைக் கிளப்பப் போனவர் நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

"அப்டின்னா நீங்க மொதல்ல லூர்து அம்மாவப் பாக்கணும் சார். அவங்க அம்மா அங்கதான் வேல செஞ்சாங்க. சாவி கூட அவங்க கிட்டதான் இருக்குது."

போக வர, காத்திருப்பு எல்லாம் சேர்த்து முந்நூற்றைம்பது ரூபாய் என்று பேசிக்கொண்டோம். பஸ் ஸ்டாண்டிலிருந்து ஆறு கிலோமீட்டர். ஈசிஆரைத் தாண்டியதும் இரண்டு பக்கமும் உப்புப் பாத்திகள். காலை வெயிலிலேயே கண் கூசுகிறது. பெண்கள் வரிசையாகத் தலையில் கூடை வைத்துக்கொண்டு வரப்பில் போகிறார்கள். வெறுங்காலோடு போகிறவர்களும் இருந்தார்கள். வழக்கமாக இந்த இடத்தில் நாலு போட்டோ எடுத்திருப்பேன். அன்றைக்கு எடுக்க மனம் வரவில்லை.

லூர்துமேரி அம்மாவுக்கு எழுபத்து மூன்று வயது. மாதா கோயில் தெருவில் மகனோடு இருக்கிறார். முப்பது வருஷம் உப்பளத்தில் கூலி வேலை செய்தவர், முட்டி தேய்ந்து நிறுத்திவிட்டார். டாக்டர் கொட்டாய் பார்க்க வந்திருக்கிறேன் என்றதும், யார், என்ன என்று ஒன்றும் கேட்காமல் சாவியை எடுத்துக்கொண்டு ஆட்டோவில் ஏறிவிட்டார். ஆரோவில்லிலிருந்து அவ்வப்போது யாராவது வந்து பார்த்துவிட்டுப் போவார்களாம், நானும் அந்த மாதிரி என்று நினைத்துக்கொண்டார்.

கட்டடம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. கிழக்கைப் பார்த்த ஒரு நீளமான சுவர், அதில் எட்டு ஜன்னல். ஒன்றுக்கும் கதவு கிடையாது. உடைந்து போகவில்லை, டாக்டர் கதவே வைக்கவில்லையாம். கடல்காற்று உள்ளே வந்துகொண்டே இருக்க வேண்டும், மார்கழிக் குளிரானாலும் காற்றில்தான் படுக்க வேண்டும் என்பது அவர் வைத்தியம். அன்றைக்கு இந்த நோய்க்கு மருந்து கிடையாது. காற்று, ஓய்வு, பால், முட்டை, அவ்வளவுதான். கூரை போன பிறகு யாரோ தகரம் போட்டிருக்கிறார்கள். உள்ளே தரை முழுக்க உப்பு மூட்டை.

டாக்டரைப் பற்றி லூர்து அம்மா சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "அவுரு ஊர்ல யூதங்கள எல்லாம் புடிச்சிக் கொல்ல ஆரம்பிச்சிட்டாங்களாம். தப்பிச்சிக் கப்பல் ஏறி வந்தாரு. இங்க வந்தும் நிம்மதி இல்ல. சண்ட நேரத்துல, நீ எதிரி நாட்டுக்காரன்னு இங்கிலீஸ்காரன் அவரையே புடிச்சிக் கொஞ்ச நாளு அடச்சி வச்சிருந்தான். வெளிய வந்ததும் இங்கதான் வந்தாரு. கல்யாணம் காட்சி ஒண்ணும் கிடையாது. மெட்ராஸ்ல இவர மாரி தப்பிச்சி வந்த டாக்டருங்க நாலஞ்சி பேரு, அவங்க அனுப்புறதுலதான் பாலு, முட்ட எல்லாம். ஒருத்தர் கிட்டயும் கை நீட்டி ஒண்ணும் வாங்க மாட்டாராம். எனக்கு அவர நல்லா ஞாபகம் இருக்குது. நான் பொறந்தப்பவே அவருக்குத் தல நரச்சிப் போச்சி."

நடுவில் ஒரு உத்தரம் மட்டும் பழைய தேக்கு. அதில் தடிமனான இரும்புக் கொக்கி ஒன்று தொங்குகிறது. இது எதற்கு என்று கேட்டேன்.

"தராசு மாட்டறதுக்கு. நோயாளிங்கள எட போடற மிஷின் வாங்க வழியில்ல. உப்பு நிறுக்கற பெரிய தராச வியாழக்கெழம வியாழக்கெழம அளத்துலேர்ந்து எரவல் வாங்கியாருவாங்க. ஒரு பக்கம் பலகையில ஆளு குந்திக்கணும், இன்னொரு பக்கம் படிக்கல்லு. வாரத்துக்கு அர ராத்தல், கால் கிலோ மாரி, ஏறணும். எட்டு வாரம் வுடாம ஏறிச்சின்னா ஒடம்பு தேறிச்சின்னு அர்த்தம், வூட்டுக்குப் போவலாம். அதான் அவரு கணக்கு."

அப்போதுதான் நான் வந்த காரணத்தைச் சொன்னேன். என் அப்பாவின் அம்மா இங்கே இருந்தவள், பட்டம்மாள் என்று பெயர் என்றேன்.

லூர்து அம்மா சாவியை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். "பிரம்மதேசத்துப் பட்டுவா?" என்றார். நான் ஊர்ப் பெயரை இன்னும் சொல்லவே இல்லை. ஒரு மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டார்.

"ரெண்டு வயசுப் புள்ள ஒண்ணு இருந்துச்சே. உசுரோட இருக்குதா?"

"இருக்காரும்மா. அவர்தான் என்னை அனுப்பினாரு."

அவர் அழ ஆரம்பித்தார். பாஸ்கர் ஆட்டோவிலிருந்து தண்ணீர் பாட்டில் எடுத்து வந்து கொடுத்தார். அதைக் குடித்துவிட்டுத்தான் பேசினார்.

"உப்பு கொண்டாந்து குடுத்ததே எங்கம்மாதான் தம்பி."

எனக்குப் புரியவில்லை. தன் அம்மா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்த கதை என்று அவரே சொன்னார். பட்டம்மாளுக்கு உடம்பு தேறவே இல்லை. இளைத்துக்கொண்டே போனாள். ஆனால் எந்நேரமும் பிள்ளை ஞாபகம்தான். பால் குடி மறக்காத பிள்ளையை விட்டுவிட்டு வந்தவள். எடை ஏறினால்தான் வீடு என்று தெரிந்ததும், வார்டில் வேலை செய்த லூர்து அம்மாவின் தாயாருடைய காலைப் பிடித்துக்கொண்டாள். முதல் வியாழக்கிழமை ஒரு பிடி உப்பு. துணியில் சுற்றி இடுப்பில் கட்டி, மேலே புடவைக் கொசுவத்தைச் செருகிக்கொண்டாள். அடுத்த வாரம் இரண்டு பிடி. அதற்கடுத்த வாரம் மூன்று. உடம்பு இளைத்ததற்கும் சேர்த்துக் கூடக் கொஞ்சம். ஒரேயடியாக வைத்தால் டாக்டர் கண்டுபிடித்துவிடுவார் என்று அளந்து அளந்து வைத்தாள். இருமல் வந்தால் முந்தானையை வாயில் திணித்து அமுக்கிக்கொள்வாளாம். கல்லுப்பு அறுத்து இடுப்பெல்லாம் புண்ணாகிவிட்டது.

"எட்டாவது வாரம் டாக்டரு அவ்ளோ சந்தோசப்பட்டாராம். கைதட்டி எல்லாரையும் கூப்ட்டுக் காமிச்சாராம், பாரு, பட்டு தேறிட்டான்னு. எங்கம்மா பக்கத்துலயே நின்னுக்குனு வாயத் தொறக்கல."

பட்டம்மாள் ஊருக்குப் போன மறுநாள் கட்டிலைக் கழுவும்போது உப்பேறி விறைத்துப்போன துணி கீழே கிடந்தது. டாக்டர் எடுத்துப் பார்த்தார். லூர்து அம்மாவின் தாயார் அவர் காலில் விழுந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். டாக்டர் திட்டவும் இல்லை, வேலையை விட்டு அனுப்பவும் இல்லை. அன்றைக்கே வண்டி கட்டச் சொன்னார். பிரம்மதேசத்துக்கு மூன்று முறை போனார், அவளைத் திரும்ப அழைத்து வர. மூன்று முறையும் தெருமுனையிலேயே விரட்டிவிட்டார்கள். மூன்றாவது முறை போனபோது அவள் இறந்து இரண்டு நாள் ஆகியிருந்தது.

எங்கள் கொள்ளுத்தாத்தா தடியோடு நின்ற கதை இதுதான். எத்தனை தடவை சொல்லியிருப்பேன், எவ்வளவு பெருமையாகச் சொல்லியிருப்பேன். அந்த மூட்டைகளுக்கு நடுவில் நிற்கவே எனக்கு வெட்கமாக இருந்தது.

வெளியே வந்ததும் லூர்து அம்மா ஒரு வாய்க்காலைக் காட்டினார். பாத்திகளுக்கு உப்புத் தண்ணீர் வருகிற வாய்க்கால், எட்டு அடி அகலம் இருக்கும். "பட்டு போனதுக்கு அப்புறம் டாக்டரு ஒரு சட்டம் போட்டாரு. ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம புள்ளைங்கள இட்டாரச் சொல்லிட்டாரு. அம்மாங்க இந்தக் கரையில, புள்ளைங்க அந்தக் கரையில. தொடக் கூடாது, பாக்கலாம், பேசலாம். புள்ளையப் பாக்காததாலதான் அந்தப் பொண்ணு உப்பக் கட்டிக்கிச்சி, என் புத்தியில இது மொதல்லியே தோணலியேன்னு சொல்லிச் சொல்லி மாஞ்சி போனாராம்."

நான் அந்தக் கரையில் கொஞ்ச நேரம் நின்றேன். எட்டே அடி. அப்பாவை யாராவது இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து அந்தப் பக்கம் நின்றிருந்தால் அவள் இங்கேயே இருந்திருப்பாள். தேறியிருப்பாளா என்று யாருக்கும் தெரியாது. அப்பாவின் அக்காவாவது பிழைத்திருப்பாள்.

டாக்டரின் கல்லறை மாதா கோயில் கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறது. தலைமாட்டில் ஒரு சிமெண்டு சிலுவை. வெள்ளைக்காரர் என்றால் கிறிஸ்தவர்தான் என்று நினைத்து ஊரார் பூசை வைத்து அடக்கம் செய்திருக்கிறார்கள். ரொம்ப நாள் கழித்து ஆரோவில்லிலிருந்து வந்த ஒரு அம்மா, யூதர்களுக்குச் சிலுவை வைக்க மாட்டார்கள் என்று சொன்னாராம். எடுத்துவிடலாமா என்று பேச்சு வந்திருக்கிறது. "ஏசுசாமியும் அந்தச் சனந்தானே, இருக்கட்டும்னுட்டாங்க எங்கம்மா" என்றார் லூர்து அம்மா. அந்த ஆரோவில் அம்மா பூ வைக்காமல் ஒரு கல்லை வைத்துவிட்டுப் போனாராம், அவர்கள் வழக்கம் அதுதானாம். நானும் ஒரு கல் வைக்கலாம் என்று சுற்றிச் சுற்றித் தேடினேன். அந்தப் பக்கம் மணலும் சேறும்தான், கல் கிடையாது. பாஸ்கர் ஈசிஆர் ஓரத்தில் ரோடு போடக் கொட்டியிருந்த ஜல்லியில் ஒன்றை எடுத்து வந்து கொடுத்தார். அதை வைத்துவிட்டு, எங்களை மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொன்னேன். சத்தமாகவே சொன்னேன்.

1.45 பஸ்ஸைப் பிடித்து மூன்று மணிக்கு வீட்டுக்கு வந்துவிட்டேன். வழி நெடுக ஒரே யோசனை. சொல்லலாமா, வேண்டாமா? எண்பது வருஷமாக ஒரு ஆளைத் திட்டியே அப்பா மனதை ஆற்றிக்கொண்டிருக்கிறார். அதையும் பிடுங்கிவிட்டால் அவரிடம் என்ன மிஞ்சும்? ஏதாவது ஒரு பொய்யைச் சொல்லி மாத்திரையை விழுங்க வைத்துவிடலாம் என்றுகூட நினைத்தேன். வீட்டுக்குள் நுழைந்ததும் அவர் டிவியை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தார். பொய் வரவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன்.

"அப்ப அவன் அனுப்பலியா" என்றார்.

"இல்லப்பா. அவங்களாத்தான் வந்தாங்க."

"எதுக்கு?"

"உங்களப் பாக்கத்தாம்பா."

கையை மடித்து ஒரு பிடி பிடித்துப் பார்த்தார். "வாரத்துக்கு ஒரு பிடியா?" என்றார். ஆமாம் என்றேன். விரித்த கையை மடிமேல் வைத்துக்கொண்டார். பிறகு, "அப்ப அக்கா செத்ததும் என்னாலதான்" என்றார். நீங்க அப்ப ரெண்டு வயசுக் குழந்தைப்பா என்று சொன்னேன். இந்தக் கிருமி சின்ன வயதிலேயே உள்ளே போய் இத்தனை காலம் தூங்கிக்கொண்டிருந்திருக்கலாம், உறுதியாகச் சொல்ல முடியாது என்று டாக்டர் முன்னமே சொல்லியிருந்தார். அதை அப்பா அன்றைக்குத்தான் ஞாபகப்படுத்திக்கொண்டார். "இது எங்கம்மா குடுத்ததா இருக்கும், இல்ல?" என்று கேட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது, எழுந்து போய்விட்டேன்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு அவரே கூப்பிட்டு மாத்திரை கேட்டார். ஒவ்வொன்றாக விழுங்கிவிட்டு, கேட்காமலேயே வாயைத் திறந்து காட்டினார்.

போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். உப்பு வேலை மழைக்காலத்தில் நடக்காது, ஜனவரி முதல் ஆகஸ்ட் வரை போகலாம். சென்னையிலிருந்து வருபவர்கள் பாண்டிச்சேரிக்கு ஈசிஆர் வழியாகப் போகிற பஸ்ஸில் ஏறி மரக்காணத்தில் இறங்கலாம், சுமார் நூற்றிருபது கிலோமீட்டர். பாண்டிச்சேரியிலிருந்து முப்பத்தைந்துதான். காலை பத்து மணிக்குள் பார்த்துவிட்டு வந்துவிடுங்கள், அதற்கு மேல் அந்த வெள்ளை கண்ணைக் குத்தும். தொப்பி, தண்ணீர் கட்டாயம். கழிப்பறை கிடையாது. வரப்பு வழுக்கும், செருப்பைக் கழற்றிவிட்டு நடங்கள். வேலை செய்கிற பெண்களைக் கேட்காமல் போட்டோ எடுக்காதீர்கள். கல்லறைக்குப் போகிறவர்கள் உங்கள் ஊரிலிருந்தே ஒரு சின்னக் கல்லை எடுத்துப் போங்கள். இன்னொன்று. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் அரசு ஆஸ்பத்திரியில் சளியைப் பரிசோதியுங்கள், இலவசம், மாத்திரையும் இலவசம். வீட்டில் யாருக்காவது வந்தால் மறைக்காதீர்கள், தேடி வருகிற டாக்டரை விரட்டாதீர்கள். எங்கள் வீட்டில் இரண்டையும் செய்தோம்.

போன வாரம் அப்பாவை எடை போட அழைத்துப் போனேன். மிஷினில் ஏறுவதற்கு முன்னால் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து மேஜைமேல் வைத்தார். கண்ணாடியைக் கழற்றினார். சாவிக்கொத்து, சில்லறை, மடியில் இருந்த பொடி டப்பா, எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். "அதெல்லாம் எதுக்குத் தாத்தா, வச்சிக்கினே ஏறுங்க" என்று சிரித்தது நர்ஸ் பெண். அவர் கேட்கவில்லை, வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டுதான் ஏறினார். முப்பத்தொன்பது அறுநூறு. பாவம், அந்தப் பெண்ணுக்கு மனசு கேட்கவில்லை. "போன மாசத்துக்குக் கொறஞ்சிருக்கே தாத்தா. நாப்பதுன்னு போட்டுக்கவா?" என்றது.

"வேணாம்மா" என்றார் அப்பா. "இருக்கறத எழுது."